பெயிண்ட் காயும் நேரம்

கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் உங்கம்மா போனை வாங்கி, "என்ன குழம்பு வச்ச?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். இது கொஞ்சம் நீளமான விஷயம்.

போன வாரம் நீ சொன்னது மனசிலேயே கிடக்கிறது. ஆபீஸில் ஒரு வீடியோ கேமுக்காக மலைக்கோட்டை வரையச் சொன்னார்கள். நீ இருநூறு படம் தேடிச் சேர்த்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாள் வரைந்தாய். உங்கள் டீம் லீடு பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு, ஆனா எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்றாராம். நான் சும்மா இருக்காமல், "ஏதாவது கதை கிதை படியேன்" என்று சொல்லிவைத்தேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எழுதறவ இல்லப்பா, வரையறவ. எனக்கு எதுக்குக் கதை?" என்றாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் யோசித்ததில் கொஞ்சம் வந்திருக்கிறது.

நான் படிக்க ஆரம்பித்த கதை உனக்குத் தெரியாது. ஆசைப்பட்டெல்லாம் ஆரம்பிக்கவில்லை. தகரத்தில் போர்டு எழுதுகிறவனுக்கு வேலையில் பாதி காத்திருப்பதுதான். பிரைமர் அடித்தால் காய வேண்டும். அதன்மேல் தரைக்கு, அதாவது பின்னணி நிறத்துக்கு, ஒரு கோட், அதுவும் காய வேண்டும். அப்புறம் நூல் பிடித்துக் கோடு அடித்து எழுத்தை எழுதினால், எழுத்து காய்ந்த பிறகுதான் நிழல் போட முடியும். அவசரப்பட்டால் சிவப்பு மஞ்சளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஐப்பசி மழையில் ஒரு போர்டு மூன்று நாள்கூட இழுக்கும். கூட இருந்தவர்கள் டீக்கடைக்குப் போவார்கள். எனக்கு அங்கே கணக்கு ஏறிப்போயிருந்தது. எதிர்ச்சாரியில் கிளை நூலகம் இருந்தது, போனேன். அவ்வளவுதான். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் பெயிண்ட் நிற்கும். நான் எடுத்த புத்தகம் எல்லாவற்றிலும் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை. நூலகர் ஒருநாள் ஒரு பக்கத்தை என் முன்னால் விரித்துப் பிடித்து, "இதை யார் படிச்சதுன்னு கண்டுபிடிக்கப் போலீஸே வேண்டாம்யா" என்றார்.

அதற்கும் முன்னால், பள்ளிக்கூட நாளிலேயே ஒன்று படித்திருந்தேன். உன் அப்பத்தா வீட்டுப் பரணில் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து யாரோ பைண்டு பண்ணி வைத்தது, மணியம் வரைந்த படங்களோடு. நான் வரையக் கற்றதே அந்தப் படங்களின் மேல் கட்டம் போட்டுக் காப்பி அடித்துத்தான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இத்தனை வருஷத்தில் சொந்தமாக ஒரு வந்தியத்தேவனை என்னால் வரைய முடிந்ததில்லை. பென்சிலை வைத்தாலே மணியத்தின் மூக்கு வருகிறது, மணியத்தின் குதிரை வருகிறது. கல்கி என்ன எழுதியிருந்தார் என்று யோசிக்கவே இடம் இல்லாமல் படம் முதலிலேயே கண்ணில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் மணியத்துக்கு வந்தியத்தேவனை யார் காட்டினார்கள்? ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான் என்று அவருக்குக் கிடைத்தது எழுத்து. எழுத்து எவ்வளவு விவரித்தாலும் முக்கால்வாசியைச் சொல்லாமல்தான் விடும். அந்த முக்கால்வாசியை அவர் தன் கையிருப்பிலிருந்து போட்டார். அதனால்தான் அது மணியத்தின் படம். நான் மணியத்திலிருந்து எடுத்தேன், என்னுடையதைப் போட இடமே கிடைக்கவில்லை. உன்னுடைய இருநூறு படமும் எனக்கு அந்த பைண்டு புத்தகம் மாதிரிதான் தெரிகிறது, பாப்பா.

இனி முருகன் கதை. இதை உங்கம்மா வேறு மாதிரி சொல்லிக் கேட்டிருப்பாய், வாடகை கொடுக்கப் பணமில்லாமல் போன கதையாக.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் ஒரு கடைக்காரர் ஆறுமுகசாமி படம் கேட்டார், எட்டடிக்கு ஆறடி. நம் ஊரில் சாமிப் படம் என்றால் கொண்டையராஜு எழுதியதுதான் கணக்கு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர், கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவர் எழுதிய சாமிகளைச் சிவகாசியில் காலண்டராக அடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். நானும் காலண்டரை எடுத்துவைத்துக் கட்டம் போட்டேன். ஆறுமுகத்துக்குப் பன்னிரண்டு கை. முன்னால் ரெண்டு கையை வரைந்தாயிற்று. மிச்சம் பத்தும் விசிறி மாதிரி விரிந்து நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஓர் ஆயுதம். ஆணியில் மாட்டியது போல இருந்தது, பிடிக்கவில்லை. தரை காய்வதற்குள் நூலகத்துக்குப் போய், "முருகன் கையில என்னென்ன இருக்கும்னு எதிலயாவது போட்டிருக்கா?" என்று கேட்டேன். நூலகர் திருமுருகாற்றுப்படையை உரையோடு எடுத்துக் கொடுத்தார்.

நக்கீரர் பாடியது, 317 அடி. பாதிக்கு மேல் உரை இல்லாமல் எனக்கு விளங்காது, இப்போதும் அப்படித்தான். ஆனால் திருச்சீரலைவாய்ப் பகுதியில், அதாவது நம் திருச்செந்தூர், பன்னிரண்டு கையும் வருகிறது. கணக்கு எடுத்துக் கொடுத்தது போல ஒவ்வொரு கையும் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு கை வானத்தில் போகிற முனிவர்களுக்காகத் தூக்கியிருக்கிறது. அதன் ஜோடிக் கை சும்மா இடுப்பில். ஒரு கை தொடைமேல் ஓய்வாகக் கிடக்கிறது, பக்கத்துக் கை அங்குசத்தால் யானையை ஓட்டுகிறது. ரெண்டு கை கேடயத்தையும் வேலையும் சுழற்றுகின்றன. ஒன்று மார்பில், ஒன்று மாலையோடு. ஒரு கையில் தொடி என்கிற வளையல் கீழே சரிந்து வர, கை மேலே சுழல்கிறது. ஒன்று மணியை அடிக்கிறது. ஒரு கை தேவமகளிருக்கு மணமாலை சூட்டுகிறது. அதற்கு முந்தின கை, "நீல்நிற விசும்பின் மலிதுளி பொழிய". நீல வானத்திலிருந்து மழையைப் பொழிய வைக்கிற கை.

எனக்கு அங்கேயே உட்கார முடியவில்லை. யுத்தமும் கல்யாணமும் மழையும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடக்கிறது. அதிலும் ரெண்டு கை ஒன்றுமே செய்யாமல் இருக்கின்றன பார், இடுப்பிலும் தொடையிலும். வேலை செய்கிற கைகளுக்கு நடுவில் சும்மா இருக்கிற கை. வரைகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சரிகிற வளையலைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறார். ஆனால் மழைக் கை எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. உள்ளங்கை மேலா கீழா, விரல் சேர்ந்தா பிரிந்தா? அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஞாபகம் வந்தது உன் தாத்தா விதைக்கிற கை. கரிசலில் அவர் கம்பு விதைக்கும்போது விரல் நுனி கொஞ்சம் தொய்ந்து, மணிக்கட்டு முதலில் திரும்பி, விதை அப்புறம் போகும். அந்தக் கையைத்தான் முருகனுக்குப் போட்டேன். எந்தக் காலண்டரிலும் அது கிடைத்திருக்காது.

கடைக்காரர் வந்து பார்த்தார். "என்னய்யா இது, சாமி கையை விரிச்சுக்கிட்டு நிக்குது? காலண்டர்ல இருக்கிற மாதிரி எழுதிக் கொடு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கும்பிடுவது அந்த உருவத்தை, காசும் அவருடையது. வெள்ளை அடித்து அழித்தேன். மற்றதெல்லாம் ஒரு கோட்டில் மறைந்துவிட்டது. மழைக் கையைச் சுற்றி நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தேன், அது மட்டும் ரெண்டாவது கோட் கேட்டது.

சரி, பழைய கதை போதும். என் அறுபதாம் பிறந்தநாளுக்கு நீ வாங்கித் தந்த வான்கோ புத்தகத்தை இப்போதுதான் முடித்தேன். இங்கிலீஷ் என்பதால் நாளுக்கு ரெண்டு பக்கம். படம் பார்க்கத்தான் கொடுத்தாய், எனக்குப் பிடித்தது அவன் தம்பிக்கு எழுதிய கடிதங்கள். எத்தனை புத்தகம் படித்திருக்கிறான்! வரைய வருவதற்கு முன்னால் 1877-ல் கொஞ்ச நாள் புத்தகக் கடையிலேயே வேலை. 1880-ல் அந்தத் தம்பி தியோவுக்கு எழுதும்போது, புத்தகம் தனக்குச் சாப்பிடுகிற ரொட்டி மாதிரி என்கிறான். டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதைகளைக் கிட்டத்தட்ட வருஷா வருஷம் திரும்பப் படித்திருக்கிறான்.

அந்த வைக்கோல் நாற்காலிப் படம் உனக்குத் தெரியும், மேலே பைப்பும் புகையிலையும் இருக்குமே, 1888-ல் பிரான்சில் ஆர்ல் ஊரில் வான்கோ வரைந்தது. அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. டிக்கன்ஸ் 1870 ஜூனில் இறந்துபோனார். அவருடைய கடைசி நாவலுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த லூக் ஃபில்ட்ஸ், டிக்கன்ஸ் எழுதுகிற அறையை ஆளில்லாத நாற்காலியோடு வரைந்தார். அது பத்திரிகையில் அச்சாகி வந்தது. பல வருஷம் கழித்து வான்கோவுக்கு அந்த அச்சு கிடைத்து, தம்பிக்கு அதைப் பற்றி எழுதுகிறான். ஆர்ல் வீட்டில் கோகின் என்கிற இன்னொரு ஓவியன் கூட இருந்த நாளில் ரெண்டு நாற்காலி வரைந்தான். தன்னுடையது பகல் வெளிச்சத்தில். கோகினுடையது ராத்திரி, மேலே எரிகிற மெழுகுவர்த்தியும் ரெண்டு நாவலும்.

நீ உடனே சண்டைக்கு வருவாய் என்று தெரியும்: "அவனும் படம் பார்த்துத்தானேப்பா வரைஞ்சான்?" ஆமாம், பார்த்தான்தான். நானும் ஒன்றும் ரெஃபரன்ஸையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆனால் டிக்கன்ஸைப் படிக்காத ஒருவனுக்கு ஃபில்ட்ஸ் வரைந்த நாற்காலி வெறும் மரச்சாமான். வருஷா வருஷம் படித்தவனுக்கு அதில் உட்கார்ந்து எழுதின ஆள் போய்விட்டார் என்று உறைக்கிறது. அப்படி உறைத்தவன்தான், ஆளை வரையாமல் நாற்காலியை வரைந்தாலும் ஆள் வந்துவிடுவான் என்று துணிந்திருக்க முடியும். இது என் கணக்கு, புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

அப்புறம் உன் கோட்டை. இதோடு ஒரு தாளில் புறநானூறு 109-ஆம் பாட்டை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். கை நடுங்குகிறது, 'ழ' முன்னைப் போல வரவில்லை, பொறுத்துக்கொள். கபிலர் பாடியது. பாரியின் பறம்பு மலையை மூன்று வேந்தர்களும் முற்றுகை போட்டிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் யானை கட்டினாலும், வயலெல்லாம் தேரை நிறுத்தினாலும் பிடிக்க முடியாது என்கிறார் கபிலர். ஏன் என்றால் உழவர் உழாமலே நான்கு விளைகிறது உள்ளே: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மலை வானம் மாதிரி இருக்கிறதாம், அதில் உள்ள சுனைகள் வானத்து மீன், அதாவது நட்சத்திரம் மாதிரி. யாழை மீட்டிக்கொண்டு, ஆடிப் பாடுகிற பெண்களான விறலியர் பின்னால் வர, ஆடிப் பாடிக்கொண்டு போனால் நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று முடிக்கிறார்.

நீ அனுப்பிய இருநூறு படத்தையும் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மதிலும் கொத்தளமும்தான். கபிலர் இந்தப் பாட்டில் மதிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோட்டையைக் காப்பது பலாப்பழமும் தேனும். இதை எப்படி வரைவாய்?

உங்கள் லீடு இதை ஒத்துக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது, என் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு அவர் கேட்டதைக் கொடு. இதை உனக்காகப் போடு. பறம்பு எது என்று தேடினால் சிவகங்கைப் பக்கம் பிரான்மலை என்று காட்டும், போட்டோவும் வரும். அதை இப்போதைக்குப் பார்க்காதே. வரைந்து முடித்தபிறகு ரெண்டு பேரும் நேரிலேயே போய்ப் பார்க்கலாம், பொங்கல் லீவில்.

பார்சலில் கடலைமிட்டாய் இருக்கிறது, அம்மா வைத்தது. திருமுருகாற்றுப்படையும் இருக்கிறது. நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்தபோது அந்த நூலகர் எனக்காக எடுத்துவைத்துக் கொடுத்தார். கை வருகிற பக்கத்தில் நீலக் கறை இருக்கும், தேடவே வேண்டாம்.

பறம்பை நானும் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன், பழைய தகரத்தில். மலை வந்துவிட்டது. சுனையைப் பகலில் மீன் மாதிரி எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் நாலு நாளாக நிற்கிறது. நீ உன்னுடையதை முடிக்கிறவரை இதைக் காட்டமாட்டேன். அம்மாவிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்காதே, அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா