அந்தப் பழைய புத்தகத்தை மூடி வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்கு நீ போட்டு அனுப்பிய படிப்புத் திட்டத்தைப் பார்த்தேன். தினமும் ஐம்பது வார்த்தை மனப்பாடம், நடுநடுவே பிறர் வாதத்தை அலசும் ‘ஆர்க்யுமென்ட்’ கட்டுரைப் பயிற்சி, ஞாயிறானால் மூன்றே முக்கால் மணி நேர மாதிரித் தேர்வு. உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீ தயாராவது இப்போது நடக்காத ஒரு தேர்வுக்கு. உன் சீனியர் கொடுத்த புத்தகம் பழசு, கண்ணு.

ஜிஆர்இ 2011 ஆகஸ்டில் ஒரு முறை நன்றாக மாறியது. வெர்பல் (ஆங்கிலம்), குவான்ட் (கணக்கு) ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை இருந்த ஸ்கோர், 130 முதல் 170 வரை என்று ஆனது. எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். திரையிலேயே கால்குலேட்டர் வந்தது. அப்புறம் 2023 செப்டம்பரில் தேர்வை ஏறக்குறையப் பாதியாக வெட்டினார்கள். இப்போது மொத்தமே 1 மணி 58 நிமிடம்தான். ஆர்க்யுமென்ட் கட்டுரை கிடையாது. 30 நிமிடத்தில், ஒரு பொதுத் தலைப்பில் உன் கருத்தைச் சொல்லும் ‘இஷ்யூ’ கட்டுரை ஒன்றே ஒன்று. நடுவில் இடைவேளையும் கிடையாது, அதனால் பாத்ரூம் வேலையெல்லாம் உள்ளே போவதற்கு முன்பே முடித்துக்கொள்.

அந்த நீளமான வார்த்தைப் பட்டியல்களுக்கு வருகிறேன். எதிர்ச்சொல் கேள்வி இருந்த காலத்தில் ஒரு வார்த்தை தனியாக நிற்கும். பொருள் தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் போச்சு. கேள்வி போய்விட்டது, அதற்காக வந்த மனப்பாடப் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது வார்த்தைகள் வாக்கியத்துக்குள் வருகின்றன. ‘ஆனாலும்’, ‘ஆகவே’ மாதிரி ஒரு சொல்லோ ஒரு முக்காற்புள்ளியோ, வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். விடைகளைப் பார்ப்பதற்கு முன், கோடிட்ட இடத்தில் உன் சொந்த வார்த்தை ஒன்றைப் போட்டுப் பார். அப்புறம் அதற்கு நெருக்கமானது எது என்று தேடு. இரண்டு மூன்று கோடிட்ட இடங்கள் இருந்தால் எல்லாமே சரியாக இருக்க வேண்டும், பாதி மார்க் இல்லை. ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் இன்னொரு பொறி உண்டு. பார்த்தவுடன் ஒரே பொருள் தரும் ஜோடி ஒன்று கண்ணில் படும், வாக்கியத்தில் வைத்துப் படித்தால் அது பொருந்தாது. வார்த்தையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டியலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக் கனமான கட்டுரைகள் படிப்பதற்குக் கொடு.

குவான்ட் பற்றி ஒரு கணக்கு டீச்சராகச் சொல்கிறேன்: கால்குலஸ் இல்லை, முக்கோணவியல் இல்லை, எல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. உன்னைப் போல் பொறியியல் படித்தவர்கள் மார்க்கை விடுவதும் அதனால்தான். இரண்டு அளவுகளை ஒப்பிடச் சொல்லும் கேள்வியை எடுத்துக்கொள். ஒரு எண் பெரியதா, அதன் வர்க்கம் பெரியதா? உன் கை தானாக 2 போட்டுப் பார்க்கும், வர்க்கம் பெரிது என்று டிக் செய்யும். அரை போட்டுப் பார், தலைகீழாகிவிடும். 1 போட்டால் இரண்டும் சமம். ஆகவே ‘சொல்ல முடியாது’ என்பதுதான் விடை. பூஜ்ஜியம், பின்னம், எதிர்ம எண் மூன்றையும் போட்டுப் பார்க்காமல் அந்த மாதிரிக் கேள்வியை விட்டு நகராதே. வடிவியல் படங்களைக் கண்ணால் அளந்தும் முடிவு செய்யாதே. அவை அளவுப்படி வரையப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சரி, தேர்வு நடக்கும் விதம். வெர்பலிலும் குவான்டிலும் இரண்டிரண்டு செக்‌ஷன். முதலில் 12 கேள்வி, அடுத்து 15. வெர்பலுக்கு 18, 23 நிமிடம், குவான்டுக்கு 21, 26 நிமிடம். முதல் செக்‌ஷனில் எப்படிச் செய்கிறாய் என்பதை வைத்து இரண்டாவதின் கடினம் மாறும். அதனால் இரண்டாவது கடினமாக வந்தால் பதறாதே, முதலாவது நன்றாகப் போயிருக்கிறது என்றுகூட இருக்கலாம். ஒரு செக்‌ஷனுக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்புதான். ஒரு கேள்வி பிடிவாதம் பிடித்தால் குறியிட்டுவிட்டு நகர், நேரம் இருந்தால் திரும்பி வா. தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதே. நீ மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே ஒரு கணக்கு வராவிட்டால் அடுத்ததைத் தொடமாட்டாய்.

கட்டுரைக்கு அதிகம் கவலைப்படாதே. வரக்கூடிய தலைப்புகளின் தொகுப்பையே தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. இப்படிக் கேள்வியை முன்கூட்டியே கொடுக்கும் தேர்வு அபூர்வம்! சில தலைப்புகளை நேரம் வைத்து எழுதிப் பார், போதும்.

ஸ்கோர் வந்ததும் 340-க்கு எத்தனை என்று கூட்டிப் பார்த்து அழாதே. வெர்பலில் 165 என்பதும் குவான்டில் 165 என்பதும் ஒன்றல்ல. குவான்டில் அதற்கு மேல் எடுப்பவர்கள் ஏராளம், வெர்பலில் குறைவு. உன் துறை எதைப் பார்க்கிறது என்பதுதான் கணக்கு. சரியாக வராவிட்டால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து முறை வரை. எந்த ஸ்கோரை அனுப்புவது என்பதும் உன் கையில். ஐந்து வருடம் செல்லும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. நீ விண்ணப்பிக்கும் எல்லாத் துறைகளும் ஜிஆர்இ கேட்கின்றனவா? சில இடங்களில் கட்டாயம், சிலவற்றில் விருப்பம், சிலவற்றில் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் துறைக்குத் துறை வேறுபடும். அதனால் பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை நம்பாமல் துறையின் பக்கத்தைப் பார். ஸ்கோரை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று இடிஎஸ்ஸே பல்கலைக்கழகங்களுக்குச் சொல்கிறது. உன் ஆய்வு நோக்கக் கடிதத்துக்கு அந்தத் திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லையே, ஏன்?

இடிஎஸ் தளத்தில் இரண்டு பவர்ப்ரெப் மாதிரித் தேர்வுகள் இலவசம். ஒன்றை இந்த வாரமே எழுது, மற்றதைக் கடைசிக்கு வைத்துக்கொள். பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கட்டும், இனிஷியலைச் சுருக்காதே. துறைகளின் பட்டியல் தயாரானதும் அனுப்பு, கட்டாயம் கேட்பவை எவை என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா