நிராகரித்த காரணத்தை எழுத்தில் தாருங்கள். பத்து நாள் பொறுங்கள்

மதிப்பிற்குரிய அரசுத் துறைச் செயலாளர்களுக்கும் ஒப்பந்தப்புள்ளி ஏற்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

அண்மையில் ஒரு சாலைப் பணிக்கான ஒப்பந்தப்புள்ளியில் (டெண்டரில்) நடந்தது இது. தகுதி ஆவணங்கள் அடங்கிய தொழில்நுட்ப உறையில் தேறியவரின் விலை உறையைத்தான் பிறகு திறப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை இணையதளத்தில் ஒருவர் பெயருக்கு எதிரே ‘ரிஜெக்டட் டெக்னிக்கல்’ (தொழில்நுட்ப நிலையில் நிராகரிப்பு) என்று இரண்டு சொற்கள் வந்தன. திங்களன்று மற்றவர்களின் விலை உறைகள் திறக்கப்பட்டன. அந்த வாரமே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. விலக்கப்பட்டவருக்கு ஆணை என்று ஒரு தாள்கூட வரவில்லை.

தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒளிவு மறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம் தாங்கள் அறியாததல்ல. ஆணை கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம், அரசு அதை 15 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது அதன் 11ஆவது பிரிவு. ஆணையே கிடைக்காதவர் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

மேல்முறையீடு எழுத உட்காரும் எங்களைப் போன்ற வழக்கறிஞரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொழில்நுட்ப உறையில் இருபது, முப்பது ஆவணங்கள் இருக்கும். குறை எதில்? ஒத்த பணி அனுபவச் சான்றில் செயற்பொறியாளர் கையெழுத்து இல்லையா? விற்றுமுதல் சான்றில் ஆடிட்டரின் யுடிஐஎன் எண் (ஒவ்வொரு சான்றுக்கும் உரிய தனி அடையாள எண்) விடுபட்டதா? கடன் தீர்க்கும் வசதியைக் காட்டும் சால்வன்சி சான்று காலாவதியா? தார்க்கலவை ஆலையின் குத்தகைப் பத்திரத்தை ஏற்கவில்லையா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. முதலாவது என்றால், சான்று தந்த கோட்ட அலுவலகத்தில் உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். அதற்கே நாலைந்து நாள் போய்விடும். யுடிஐஎன் என்றால் இணையத்தில் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துக் காட்டிவிடலாம். காரணம் தெரியாததால் எல்லாவற்றுக்கும் ஊகத்தில் பதில் எழுதுகிறோம். மனு நீள்கிறது, உண்மையான குறை மட்டும் அதில் விட்டுப்போகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று அலுவலகங்களில் சொல்கிறார்கள். அங்கே பதில் தர 30 நாள் அவகாசம். எங்களுக்கு இருப்பதோ 10 நாள்.

கடைசியில் காரணம் வெளிவருவது உயர் நீதிமன்றத்தில், துறை தாக்கல் செய்யும் எதிர் பிரமாணப் பத்திரத்தில். ஆணையில் சொல்லாத காரணத்தைப் பின்னர் பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து ஆணையைக் காப்பாற்ற முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் நாங்கள் அதையே வாதாடிக்கொண்டிருக்கிறோம். ஆகவே கேட்கிறோம்: காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

கையெழுத்தான பிறகு எங்களுக்கு வழியும் குறுகிவிடுகிறது. உள்கட்டமைப்புப் பணிகளுக்குத் தடை தர நீதிமன்றங்கள் தயங்க வேண்டும், தவறு நடந்திருந்தால் இழப்பீடு பற்றிப் பார்க்கலாம் என்று என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படியானால் துறைக்குள் இருக்கும் மேல்முறையீடுதான் பெரும்பாலும் உருப்படியான ஒரே வாய்ப்பு. அதையும் அவசரக் கையெழுத்து பறித்துவிடுகிறது. நட்டம் ஒப்பந்ததாரருக்கு மட்டுமல்ல. நிராகரிக்கப்பட்டவரின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை. குறைந்த விலை அதில்தான் இருந்திருந்தால் இழப்பு கருவூலத்துக்கு.

பத்து நாள் பொறுத்தால் பணி கெட்டுவிடுமா? வெள்ளம், புயல் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு ஏற்கெனவே விலக்கு தந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிவை மின்வழியாகத் தெரிவித்த பின் குறைந்தது 10 நாள் கழித்தே ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியும். ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு நெறியாணை (டைரக்டிவ்) அப்படிச் சொல்கிறது. அங்கேயும் பாலங்கள் கட்டப்படுகின்றன.

அவசரம் முடிவில் மட்டுமா இருக்கிறது? தொடக்கத்திலும் அதுதான். ஒப்பந்தப்புள்ளி தாக்கல் செய்ய 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்று விதி வைத்த குறைந்தபட்ச அவகாசம், நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் நெருங்கினால் ஏழு நாளாகிவிடுகிறது. மேலதிகாரி காரணம் பதிந்து அனுமதித்தால்தான் குறைக்கலாம். கோப்பைப் பார்த்தால் ‘நிர்வாக அவசரம்’ என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. யாருக்கு முன்கூட்டியே தெரியுமோ அவரால்தான் ஏழு நாளில் ஆவணம் திரட்ட முடியும். இது தனியே எழுத வேண்டிய விஷயம். கேட்க வந்ததற்கே வருகிறேன்.

தொழில்நுட்ப மதிப்பீடு முடிந்த அன்றே, எந்த நிபந்தனை, எந்த ஆவணம், என்ன குறை என்று குறிப்பிட்டு, தேதியும் கையெழுத்தும் உள்ள ஆணையை நிராகரிக்கப்பட்டவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். மேல்முறையீட்டுக்கான 10 நாள் முடியும்வரை, மேல்முறையீடு வந்திருந்தால் அது முடியும்வரை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும்படி நிதித்துறை இதைச் சுற்றறிக்கையாக வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒப்பந்தப்புள்ளி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்,
சென்னை