பின்னர் (Pinner) ஊரின் கதைக்கு ஒரு பலகை வேண்டி மனு

பெறுநர்: பாரம்பரியச் சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரி, ஹாரோ கவுன்சில், லண்டன்.

ஐயா / அம்மா,

நாங்கள் பின்னரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள். (ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதினால் 'அப்புறம்' என்று அர்த்தம் வந்துவிடுகிறது, என்ன செய்வது!) ஆங்கில நகலையும் இணைத்திருக்கிறோம்.

கேட்பது ஒன்றுதான். கிராமமாக இருந்த இந்த ஊர் எப்படிப் புறநகரானது என்று சொல்லும் பலகை ஒன்றை ரயில் நிலைய வாசலில் வையுங்கள்.

ஹை ஸ்ட்ரீட் மேட்டில் நடக்கும்போது என் மகள் கேட்டாள், "இங்க மட்டும் ஏன் வீடெல்லாம் கோணலா இருக்கு?" கறுப்பு மரச்சட்டம் தெரியும் பழைய வீடுகள் அவை; நாலு தெரு தள்ளினால் ஒரே அச்சில் வார்த்த இரட்டை வீடுகள், பிதுங்கிய ஜன்னலும் முன்தோட்டமுமாக. எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது.

மேட்டு உச்சியில் இருக்கும் தேவாலயம் 1321-இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1336-இல் மன்னர் மூன்றாம் எட்வர்ட் சந்தை கூட்ட அனுமதி கொடுத்தார். அந்தச் சந்தை இன்றும் வருடா வருடம் ஒரு புதன்கிழமை தெருவையே அடைத்துக்கொண்டு, நம் ஊர்த் திருவிழா போலவே ராட்டினமும் இரைச்சலுமாக நடக்கிறது. பல நூற்றாண்டுகள் வயலும் மாடுமாகக் கிடந்த ஊருக்கு 1885-இல் மெட்ரோபாலிட்டன் ரயில் வந்தது. பாதை போட்டது போக மீதி நிலத்தை மற்ற ரயில் கம்பெனிகள் விற்றுவிட வேண்டியிருக்க, இந்தக் கம்பெனிக்கு மட்டும் அதைக் கையில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. சும்மா விடுவார்களா? வீடு கட்டி, பாதையோரப் பகுதிகளுக்கு 1915-இல் 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் சூட்டி, லண்டன்காரர்களை ஆசை காட்டி வரவழைத்தார்கள். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவில் வயல்கள் தெருக்களாயின.

சரி, பலகையில் இன்னொன்றையும் சேருங்கள்: தேவாலய முற்றத்தில் தோட்டக்கலை எழுத்தாளர் லௌடன் பெற்றோருக்குக் கட்டிய கல்லறை. தரைக்கு வெகு மேலே, கூம்புக் கல்லின் இரு பக்கமும் சவப்பெட்டி துருத்திக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் அங்கே போனால் நகர மாட்டார்கள்.

பலகையில் தமிழிலும் குஜராத்தியிலும் நாலு வரி இருந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் குஜராத்தி வீட்டுப் பெரியவர்களும் படிப்பார்கள். தமிழ் வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பின்னர் தமிழ்க் குடியிருப்பாளர்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)