ஜூஸ் வண்டியும் பிரஷர் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு சிறு செய்தி வந்திருந்தது. செய்தி உண்மைதான். ஆனால் எட்டு வரியில் அடங்குகிற விஷயமல்ல இது. வேலூர்க் கோட்டைப் பக்கம் காலை நடைக்கு வரும் பெரியவர்கள் பலர் அந்தத் துணுக்கைப் படித்துவிட்டுச் செய்கிற காரியங்களைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நான் அணைக்கட்டு வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் மாவட்டத்துக்கு வட ஆற்காடு என்றுதான் பெயர். இப்போது வேலப்பாடியில் இருக்கிறேன். இன்றைக்கும் தெருவில் யாருக்காவது தலை சுற்றினால் பி.பி. பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ஜூஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பீட்ரூட்டிலும் கீரையிலும் நைட்ரேட் என்ற சத்து நிறைய இருக்கிறது. அது ரத்தத்தில் கலந்து மறுபடியும் எச்சிலில் வந்து சேர்கிறது. நாக்கின் மேல் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. விழுங்கிய பிறகு அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. ரத்தக் குழாயைத் தளர்த்தி விரியச் செய்வது இந்த நைட்ரிக் ஆக்சைடுதான். இதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இளவயதில் நம் உடம்பு இதைத் தானாகவே போதிய அளவு செய்துகொள்ளும். வயது ஏற ஏற அது குறைகிறது. இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் அறுபது, எழுபதுகளில் இருந்தவர்களுக்கும் நைட்ரேட் நிறைந்த பீட்ரூட் சாற்றை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கியது பெரியவர்களுக்குத்தான். அவர்கள் வாயில் கெடுதல் செய்யும் ஒரு வகைப் பாக்டீரியா குறைந்து, நல்லது செய்யும் வகை கூடியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மருந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கும் வயசில், சமையலறையிலிருந்தும் ஒரு கை கொடுக்க முடியும் என்பது பெரிய விஷயம். (கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டுத் தினமும் கொப்பளிப்பவர்கள் கவனிக்க: அந்த நல்ல பாக்டீரியாக்களும் அதில் செத்துப்போகும், ஜூஸின் பலனும் குறையும்.)

எவ்வளவு இறங்கும் என்பதைத்தான் துணுக்கில் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். லண்டனில் பிரஷர் உள்ள 68 பேரை வைத்து நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், தினமும் 250 மில்லி வீதம் நான்கு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக எட்டுப் புள்ளி அளவுக்கு இறங்கியது. குடிப்பதை நிறுத்திய இரண்டு வாரத்தில் பழையபடி ஏறிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். கொஞ்ச நாளாக மாத்திரை போடுவதில்லை என்று அவர் மருமகள் வந்து சொன்னாள். போய்க் கேட்டேன். "இன்னா நர்ஸம்மா, அதான் டெய்லி ஜூஸ் குடிக்கிறேனே, மாத்திரை எதுக்கு? உடம்பு நல்லாத்தான் கீது" என்றார். உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். மேலே 180, கீழே 100. தலைவலி இல்லை, படபடப்பு இல்லை, பேச்சும் தெளிவாக இருந்தது. பிரஷர் பெரும்பாலும் அப்படித்தான், ஒரு அறிகுறியும் காட்டாது. ஜூஸால் எட்டு இறங்கினாலும் 180 என்பது 172 ஆகும். அதை வைத்துக்கொண்டு பக்கவாதத்தைத் தடுக்க முடியாது. மகனைக் கூப்பிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இப்போது மாத்திரையும் போடுகிறார், ஜூஸும் குடிக்கிறார். இரண்டில் எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்தது ஜூஸ் வண்டி. வண்டிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, விடியற்காலையிலேயே வந்து உழைக்கிறவர்கள். ஆனால் நின்று பார்த்தால் தெரியும். காயை மிக்சியில் அடித்து, வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, நம்மைக் கேட்காமலே உப்பு டப்பாவில் ஸ்பூனை விட்டு அரை ஸ்பூன் போட்டு ஒரு ஆற்று ஆற்றித் தருகிறார்கள். ஒரு நாளைக்கு மொத்தமாகவே ஐந்து கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன். பொழுது விடிந்து ஏழு மணிக்குள் பாதிக் கணக்கு அந்த டம்ளரிலேயே முடிந்துபோகிறது. பிறகு வீட்டில் இட்லிக்குச் சட்னி, மதியம் குழம்பு, ஊறுகாய், கருவாடு. பீட்ரூட் இறக்கிய புள்ளிகளில் ஒரு பங்கை இந்த உப்பே திரும்ப ஏற்றிவிடக்கூடும். "உப்பு வேண்டாம்ப்பா, சர்க்கரையும் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டப்பாவில் அடைத்து வரும் காய்கறி ஜூஸிலும் சோடியம் எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும்.

சுரைக்காய் ஜூஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மடக்குக் குடித்துக் கசந்தால் துப்பிவிட்டு டம்ளரைக் கீழே ஊற்றுங்கள். மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும் என்று கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கசந்த சுரைக்காயில் இருப்பது நஞ்சு. வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்திவரை போய், பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே எச்சரித்த விஷயம் இது.

பிரஷர் கூடுதலாக இறங்கிவிட்டாலும் பெரியவர்களுக்குக் கஷ்டம்தான். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும். சிறுநீரைக் கூடுதலாகப் போகவைக்கும் நீர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டு, வெறும் வயிற்றில் ஜூஸும் குடித்துவிட்டு, கழிப்பறையில் குந்தியிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். அறுபதைத் தாண்டிய எத்தனையோ பெண்களுக்கு இடுப்பு எலும்பு முறிவது அங்கேதான். ஆகையால் உட்கார்ந்து மட்டும் பி.பி. பார்த்தால் போதாது. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட உட்கார்ந்திருக்கச் செய்து ஒரு தடவை. எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தடவை. நின்றபோது மேல் அளவு இருபதோ அதற்கு மேலோ விழுந்தால், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரைக் கேட்கத்தான் வேண்டும். கணக்கை நாமே போடக் கூடாது.

சிறுநீரகம் பழுதானவர்கள் கேட்காமல் ஒரு டம்ளர்கூடக் குடிக்க வேண்டாம். பீட்ரூட், தக்காளி, கீரைச் சாறு, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். கல் அடைப்பு வந்தவர்களுக்கு பீட்ரூட்டிலும் கீரையிலும் உள்ள ஆக்சலேட் ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் திடீரென்று கீரைச் சாற்றை ஆரம்பிக்கக் கூடாது. மற்றபடி பீட்ரூட் குடித்த பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனால் அலற வேண்டியதில்லை, சிலருக்கு அந்தச் சாயம் அப்படியே வரும்.

ஜூஸுக்குக் காசு இல்லையே என்று யாரும் ஏங்கவும் வேண்டாம். எங்கள் பக்கத்துக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் கீரைக் கடைசல் இதற்குக் குறைந்ததல்ல. முளைக்கீரை, சிறுகீரை எல்லாம் நைட்ரேட் நிறைந்தவை, நார்ச்சத்தும் போகாது. வேகவைத்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். நேதாஜி மார்க்கெட்டில் பீட்ரூட் வாங்கும்போது இலையோடு கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்கிப் பொரியல் செய்யலாம்.

தங்களை நான் கேட்பது, இனி இப்படிச் செய்தி போடும்போது எவ்வளவு இறங்கும், யாருக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் அதே எழுத்தளவில் அதன் கீழேயே போடுங்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டு வண்டிக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

வேலூர் மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்த பிறகு வீட்டு வாசலுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. அதே பணியாளர்களில் ஒருவரை வாரம் ஒரு நாள் காலையில் கோட்டைக்கு முன்னால் ஒரு மேசையும் பி.பி. கருவியும் கொடுத்து உட்காரவைக்கலாம். பெரியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆள் போதாது என்றால் சம்பளம் இல்லாமல் நானே வந்து பார்க்கத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வேலப்பாடி, வேலூர்.