அப்பாவின் நெகட்டிவ் பெட்டி

அன்புள்ள சேகருக்கு,

உன் மின்னஞ்சலும் ஸ்கேன்களும் வந்து சேர்ந்தன. மூர் மார்க்கெட் வாசலில் பழைய புத்தகக் கடைக்காரர் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைக்கும் படத்தை மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1985-இல் அந்தக் கட்டடம் எரிந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இடம் இருந்ததே தெரியாது. உன் அப்பா, பைகிராப்ட்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ வைத்து, கல்யாணம், பாஸ்போர்ட் என்று பிழைப்பு நடத்திய மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரையே படம் பிடித்து வைத்திருக்கிறார். இதை நீ பெட்டியிலேயே விட்டுவிடாமல் ஸ்கேன் செய்யத் தொடங்கியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது.

இங்கே எல்லோரும் நலம். மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் போவதென்றால் இன்னும் சுற்று வழிதான். ட்விட்டர் மாதிரி, ஆனால் பல சர்வர்களாகப் பிரிந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் நானும் சில நண்பர்களும் சேர்ந்து நடத்தும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி, 2019 நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒரு கூட்டமே மாஸ்டடானுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். நாங்கள் தங்கிவிட்டோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அப்பாவின் படங்களை எங்கள் சர்வரில் போடலாமா, படைப்பை மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது நல்லது என்று கேட்டிருந்தாய். போடு என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு முன் பெட்டியை இரண்டாகப் பிரி: ஸ்டூடியோ வேலையாக எடுத்தவை ஒரு பக்கம், அவராக எடுத்தவை ஒரு பக்கம்.

காரணம் இதுதான். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். நெகட்டிவ் உன் அலமாரியில் இருந்தாலும் உரிமை அந்தக் கல்யாண வீட்டாருடையது. திருவல்லிக்கேணியில் பாதிக் குடும்பங்களின் தாலி கட்டும் படம் அந்தப் பெட்டியில் இருக்கும். அதில் ஒன்றைக்கூட உன் பெயரில் உரிமம் கொடுத்து வெளியிட உனக்கு அதிகாரம் இல்லை. அந்தக் குடும்பங்களைத் தேடிப் பிடித்துப் படங்களைக் கொடுத்தால் அவர்கள் கண் கலங்கி வாங்கிக்கொள்வார்கள். அது தனி வேலை, நானும் கூட வருகிறேன். நெட்டில் ஏற்றுவது மட்டும் வேண்டாம்.

மற்ற பாதி, அதாவது மெரினா, மூர் மார்க்கெட், 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காகக் கடற்கரையில் சிலைகள் வைத்தபோது எடுத்த அந்த வரிசை, இவை எல்லாம் அப்பாவுடையவை. எங்கும் அச்சாகாதவை என்று சொன்னாய். பொதுவாக எடுத்தவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். அவர் 1998-இல் போனார், அப்படியானால் 2058 முடியும்வரை என்று வைத்துக்கொள். வாரிசு நீ ஒருவன் மட்டும் இல்லை, உன் அக்காவும்தான். அவர் வாயால் சரி என்று சொன்னது போதாது. நம் சட்டத்தில் உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும், எந்தப் படங்கள், எந்த உரிமம் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சர்வர் விஷயம். நீ இதுவரை பார்த்த தளங்களில் ஒரு கம்பெனி, ஒரு ஒப்பந்தம். படம் அவர்கள் இடத்திலேயே இருக்கும். மாஸ்டடானில் அப்படி இல்லை. இங்கே ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 2018 ஜனவரியில் தரமாக ஏற்றது. நீ எங்கள் சர்வரில் ஒரு படம் போட்டால், உன்னைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்த சர்வரில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் அதன் பிரதி போகும். ஜெர்மனியில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, யாரோ ஒருவர் வீட்டு மேஜைக்கு அடியில் ஓடும் சின்னக் கணினியில் ஒன்று. உனக்கு எங்களோடு மட்டும்தான் ஒப்பந்தம். மற்றவர்களுக்கு நீ எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

"அப்படியென்றால் அவர்கள் எல்லோரும் திருட்டுப் பிரதி வைத்திருக்கிறார்களா?" என்று ஒருவர் என்னிடம் கோபமாகக் கேட்டார். இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தபால்காரர் கடிதத்தைச் சுமக்கலாம், அதைப் பிரித்துப் புத்தகமாகப் போட முடியாது. நீ பொதுவில் ஒரு படத்தைப் போடும்போது, அதைக் கொண்டுசேர்க்கவும் காட்டவும் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுக்கிறாய். எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. நம் சட்டமும் 2012 திருத்தத்தில் இதற்குக் கிட்டத்தட்ட வந்திருக்கிறது. 52-ஆம் பிரிவு, மின்னணுப் பரிமாற்றத்தின் தொழில்நுட்பப் போக்கில் தற்காலிகமாகச் சேமிக்கப்படுவதை மீறலாகக் கொள்ளவில்லை. இணைப்பு, அணுகல் தருவதற்காகச் சேமித்திருந்தால், உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்ததும் 21 நாட்கள் அதை நிறுத்தி வைக்க வேண்டும், அதற்குள் அவர் நீதிமன்ற உத்தரவு வாங்கி வர வேண்டும். ஆனால் தற்காலிகம் என்றால் எத்தனை நாள்? சட்டம் சொல்லவில்லை. எங்கள் சர்வரில் வெளியூர்ப் படங்களின் கேஷை, அதாவது தற்காலிகப் பிரதிகளை, அடிக்கடி துடைக்கிறோம், டிஸ்க் இடத்துக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

போன ஆண்டு நடந்ததைக் கேள். எங்கள் சர்வரில் ஒரு பெண், மாட வீதிகளை வாட்டர்கலரில் வரைபவர், அறுபத்துமூவர் உற்சவத்தை வரைந்து போட்டார். அழகான படம். அதை ஒரு கடைக்காரர் காபி கோப்பைகளில் அச்சடித்து விற்றார். கேட்டதற்கு, "உங்கள் சைட்டிலிருந்து எடுக்கவில்லை, வேறு சைட்டில் இருந்தது, அங்கே எந்தத் தடையும் எழுதவில்லை" என்றார். அவர் சொன்ன சைட், எங்களோடு பேசும் இன்னொரு சர்வர். அங்கே இருந்தது நாங்கள் அனுப்பிய பிரதிதான். எதுவும் எழுதவில்லை என்றால் எதுவும் செய்யலாம் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார். சட்டம் நேர் எதிர்: எதுவும் எழுதவில்லை என்றால் எல்லா உரிமையும் வரைந்தவருக்கே. பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் பதிவின் தேதி, மூலக் கோப்பு, வக்கீல் நோட்டீஸ் எல்லாம் போன பிறகு கோப்பைகளை எடுத்துவிட்டார். ஆனால் விற்றது விற்றதுதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு பல மாதம் எதையும் வெளியிடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

அதே சமயம் அந்த இன்னொரு சர்வரின் அட்மினுக்கும் எழுதினோம். அவர் அமெரிக்காவில் இருப்பவர், அவர்கள் நாட்டின் டிஎம்சிஏ என்ற 1998 டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். நியாயம்தான். அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டுமென்றால் அங்கே சர்வர் நடத்துபவர் காப்பிரைட் ஆபீஸில் ஒரு பிரதிநிதியைப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 6 டாலர், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எத்தனை பேர் இதையெல்லாம் செய்திருப்பார்கள்? பெரிய கம்பெனிக்கு எழுதப்பட்ட விதிகள் இந்தத் தன்னார்வலர்கள் தலையில் அப்படியே இறங்குகின்றன. இங்கே நாங்களும் புகார் அதிகாரி என்று ஒருவரின் பெயரையும் முகவரியையும் போட்டு வைத்திருக்கிறோம்.

அழித்தால் போய்விடும் என்று மட்டும் நினைக்காதே. நீ அழித்தால் எங்கள் சர்வர் மற்ற சர்வர்களுக்கு "இதை நீக்குங்கள்" என்று ஒரு செய்தி அனுப்பும். ஒழுங்காக நடப்பவை நீக்கும். அந்த நேரத்தில் படுத்துக் கிடந்த சர்வர், மாற்றி எழுதப்பட்ட மென்பொருள், தொடர்பு துண்டிக்கப்பட்ட சர்வர், இவற்றில் பிரதி தங்கிவிடலாம். இன்னும் மோசம், மூல சர்வரே மூடிப்போவது. நீக்கச் சொல்லும் செய்தியில் அந்த சர்வரின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். சர்வரே இல்லையென்றால் யார் கையொப்பமிடுவது? 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தான் இணைய முகவரியில் இயங்கிய ஒரு மாஸ்டடான் சர்வரின் பெயரைத் தாலிபான் அரசு முடக்கியது நினைவிருக்கும். அங்கிருந்து போன பதிவுகள் மற்ற ஊர்களில் அநாதையாக நின்றன. வேறு சர்வருக்குக் குடிபெயர்ந்தாலும் பின்தொடர்பவர்கள்தான் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது.

கிரியேட்டிவ் காமன்ஸும் இதே போலத்தான்: ஒருமுறை கொடுத்த உரிமத்தை, அதன்படி எடுத்தவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. அதனால்தான் போடுவதற்கு முன் முடிவெடு என்கிறேன்.

நீ வணிகப் பயன்பாடு கூடாது என்ற உரிமத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறாய், கோப்பைக்காரரைப் போன்றவர்களைத் தடுக்க. எனக்கு அது பிடிக்கவில்லை. கோப்பைக்காரர் எந்த உரிமத்தையும் படிக்கப் போவதில்லை. அதைப் படித்துத் தயங்கி நிற்பவர்கள் யார் தெரியுமா? சென்னையைப் பற்றி 150 ரூபாய்க்கு ஒரு சின்னப் புத்தகம் போடும் பதிப்பாளர், விளம்பரம் வாங்கி நடத்தும் சிறுபத்திரிகை ஆசிரியர். தமிழ் விக்கிப்பீடியாவில் மூர் மார்க்கெட் கட்டுரைக்கு அந்தப் படத்தைப் போட முடியாமல் போகும், ஏனென்றால் விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் அந்த வகை உரிமத்தை ஏற்பதில்லை. பெயர் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற பிஒய்-எஸ்ஏ 4.0 போதும். எடுத்து மாற்றுபவரும் அதே போலத் திறந்து வைக்க வேண்டும் என்பதால் யாரும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. 2013-இல் வந்த இந்த நான்காம் பதிப்பில் இன்னொரு நல்ல ஏற்பாடு, தெரியாமல் மீறியவர் தெரிந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் தானே மீளும். பெயர் போட மறந்த பள்ளி ஆசிரியரோடு நீ சண்டைக்குப் போக வேண்டியதில்லை. பாரதி பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு வாங்கிப் பிறகு பொதுவாக்கியதால்தான் யாரிடமும் கேட்காமல் நாம் பள்ளிக்கூட மேடையில் பாடினோம். உன் அப்பாவின் சென்னையும் அப்படிப் புழங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் பெயர் போகாது. சட்டத்தின் 57-ஆம் பிரிவு படைத்தவரின் பெயர் உரிமையையும், அவர் மதிப்பைக் கெடுக்கும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் தனியாக வைத்திருக்கிறது, வாரிசுகளும் அதைக் கோரலாம். டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் சிற்பி அமர்நாத் சேகலின் வழக்கில், அரசே வாங்கிய அவர் சுவர்ச் சிற்பத்தைச் சிதைத்ததற்காக அரசின் மேலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

நடைமுறையில் ஒன்றைக் கவனி. மாஸ்டடான், படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் எக்சிஃப் தகவலை (எடுத்த இடம், எடுத்தவர் பெயர் போன்றவை) ஏற்றும்போதே நீக்கிவிடும், இருப்பிடம் வெளிப்படக் கூடாது என்பதற்காக. நீ கோப்புக்குள் அப்பா பெயரை எழுதி வைத்தாலும் போய்விடும். உரிமத்தைத் தேர்ந்தெடுக்கப் பதிவுக்குத் தனிக் கட்டமும் அங்கே இல்லை. இதே நெறிமுறையில் இயங்கும் பிக்ஸல்ஃபெட், பியர்டியூப் தளங்களில் உண்டு. ஆகவே பெயர், ஆண்டு, உரிமம் மூன்றையும் பதிவின் வாசகத்திலேயே எழுது, படத்தின் மாற்று விவரணையிலும் (பார்க்க முடியாதவர்களுக்காக எழுதும் விளக்கம்) எழுது. அந்த விவரணை பிரதியோடு சேர்ந்தே பயணிக்கும். படத்தின் கீழ் ஓரத்தில் சின்னதாகப் பெயர் போட்டால் இன்னும் நல்லது. முழு அளவு ஸ்கேனை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்று, இங்கே சிறியதைப் போடு.

ஏஐ பற்றிப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பயம் இங்கே எல்லோருக்கும் உண்டு. 2024 பிப்ரவரியில் மாஸ்டடானையும் ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தையும் இணைக்கும் பாலம் ஒன்றைக் கேட்காமலேயே எல்லோருக்கும் திறக்கப் போகிறார்கள் என்றதும் பெரிய சண்டை. கடைசியில், சம்மதித்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ப்ளூஸ்கை பதிவுகள் பத்து லட்சத்தைத் தொகுத்து ஏஐ ஆராய்ச்சிக்கென்று ஹக்கிங் ஃபேஸ் என்ற ஏஐ தரவுத் தளத்தில் ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் நீக்கினார்கள். இரண்டிலும் சட்டத்தைவிட, கேட்டாயா என்பதுதான் கேள்வி. மாஸ்டடானின் முதன்மை சர்வர் 2025-இல் வெளியிட்ட புதிய விதிகளில் ஏஐ பயிற்சிக்காகப் பதிவுகளை மொத்தமாக அள்ளக் கூடாது என்று எழுதியது. எங்கள் விதிகளிலும் சேர்த்துவிட்டோம். ஆனால் எங்கள் விதி எங்கள் வாசலோடு நிற்கும். அடுத்த சர்வரின் பிரதிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

மெரினா படங்களில் முகம் தெரியும் மீனவக் குழந்தைகளை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கி வை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், படம் எடுத்தவரின் உரிமையைத்தான் தொடும், படத்தில் இருப்பவரின் அந்தரங்கத்தைத் தொடாது. நொச்சிக்குப்பத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், காட்டிக் கேட்டுவிட்டுப் போடலாம்.

அக்காவிடம் பேசிவிட்டு எழுது. அந்த ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு வரைவு போட்டு அனுப்புகிறேன், நம் ஊர் வக்கீலிடம் ஒருமுறை காட்டிக்கொள். சம்மதம் வந்ததும் முதலில் சிலை வரிசையை ஏற்றுவோம். எந்தச் சிலை, எந்த மாதம் என்று அப்பா நெகட்டிவ் உறையில் ஏதாவது குறித்திருந்தால் அதையும் ஸ்கேன் செய்து அனுப்பு. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முரளி
திருவல்லிக்கேணி, சென்னை