கண்காணிப்பாளர் என்று எழுதும் முன்: ஆட்சிச்சொல் தொகுப்போருக்கும் செய்தி மொழிபெயர்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

ஆட்சிச்சொல் அகராதிக் குழுவினருக்கும், செய்தி அறைகளில் மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அரசாணைகள், தீர்ப்புகள், நியமன ஆணைகளைத் தமிழாக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். ஓர் இடத்தையோ வேலையையோ ஆட்களையோ கவனித்துக்கொள்ள நியமிக்கப்படுபவரைத் தமிழில் என்னவென்று எழுதுவது? கைக்கு முதலில் வருவது ‘கண்காணிப்பாளர்’. தாங்கக்கூடியதைவிட அதிகமான பாரத்தை அந்தச் சொல்லின் மேல் ஏற்றிவிட்டோம்.

மாவட்டக் காவல்துறைக்குத் தலைவர் காவல் கண்காணிப்பாளர். சிறைக்கு ஒரு கண்காணிப்பாளர், அரசு மருத்துவமனைக்கு ஒருவர், அலுவலகத்தில் ஒரு பிரிவின் கோப்புகளுக்கு ஒருவர். பொதுத்தேர்வு மையம் முழுவதற்கும் பொறுப்பானவர் முதன்மைக் கண்காணிப்பாளர். அதே மையத்தில் ஒரே ஓர் அறையில் நிற்கும் ஆசிரியர் அறைக் கண்காணிப்பாளர். முன்னொட்டு இருக்கும்வரை குழப்பம் இல்லை. செய்தியின் இரண்டாம் பத்தியில் அது உதிர்ந்துவிடுகிறது. சிறைவாசி ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தியில் ‘பார்க்கக் கண்காணிப்பாளர் அனுமதி மறுத்தார்’ என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். மறுத்தது சிறையா, மருத்துவமனையா, காவல்துறையா? மூன்று இடத்திலும் பதவிப் பெயர் அதுதான். யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பது அந்த ஒரு முன்னொட்டில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. செயற்பொறியாளருக்கு மேலே இருக்கும் ஒரே பதவிக்குப் பொதுப்பணித் துறையில் ‘கண்காணிப்புப் பொறியாளர்’ என்றும், மின்வாரியத்தில் ‘மேற்பார்வைப் பொறியாளர்’ என்றும் பெயர். ஆங்கில மூலத்தில் இரண்டும் ஒன்றே. பழக்கமில்லாத மொழிபெயர்ப்பாளர் இவற்றை இரு வேறு படிநிலைகள் என்று எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் ‘மேற்பார்வை’யைப் பார்த்ததும், ஊராட்சி ஒன்றியத்தில் சாலைப் பணியை அளந்து பார்க்கும் ஓவர்சியரோடு, அதாவது பணி மேற்பார்வையாளரோடு சேர்த்துவிடுகிறார். பல படிகள் கீழே இருக்கும் பதவி அது.

பழைய தமிழ் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்’ என்பவர்கள் வருகிறார்கள். அதே வரியில் கோயில் காரியத்தை நடத்தும் ‘ஸ்ரீகாரியம் செய்வார்’ தனியாக, கோயில் பணியாளரான ‘தேவகன்மி’ தனியாக வருகிறார்கள். காரியத்தைச் செய்பவர் ஒருவர், அதைப் பார்த்து நிற்பவர் வேறொருவர். இந்தப் பிரிவினைதான் இந்தச் சொல்லுக்கு உயிர். ‘கண்காணி யில்லென்று கள்ளம் பலசெய்வார்’ என்று திருமூலர் சொல்லும்போதும் கண்காணி, செய்பவனுக்கு வெளியே நின்று பார்ப்பவன்தான். ‘கண்காணி’ என்ற பெயரே ஆளைக் குறிக்கப் போதுமானது; ‘ஆளர்’ பின்னால் மரியாதைக்காக ஒட்டியது.

சொல்லின் வடிவம் மாறியபோது பொருளும் மாறியது. ண்க என்பது ங்க ஆகி வந்த ‘கங்காணி’, இலங்கை, மலாயாத் தோட்டங்களில் வெறும் பார்வையாளன் அல்ல. ஊருக்குப் போய் ஆள் திரட்டியவர், முன்பணம் கொடுத்தவர், தோட்டத்தில் வேலை வாங்கியவர் எல்லாம் அவரே. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணி. எத்தனை ஆள் வேலைக்கு வந்ததோ அத்தனைக்குக் கணக்கிட்டு அவருக்குக் காசு. இலங்கையில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தத் தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுப்பது. கடனோடு ஆளும் கைமாற அந்தத் தாளே போதும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். ஆகவே ‘கங்காணி’யை ‘மேற்பார்வையாளர்’ என்று ஒரே சொல்லில் பொருள் எழுதி முடிப்பது வரலாற்றை மறைப்பதாகும். இன்று அரசியல் மேடையில் அது வசைச்சொல்லாகக் கேட்பதற்குக் காரணமும் அந்தக் கடன் கணக்குத்தான். அகராதியில் கண்காணி ஒரு பதிவாகவும் கங்காணி தனிப் பதிவாகவும் இருக்க வேண்டும்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது தேர்தல் காலத்துச் சொல்லாட்சி. இந்தியாவில் தேர்தல் ஆணையம் அனுப்பும் அதிகாரியைத் ‘தேர்தல் பார்வையாளர்’ என்கிறோம். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவரும் பார்வையாளர், மருத்துவமனையில் மாலை நேரத்தில் வருபவரும் பார்வையாளர். ஆனால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-பி பிரிவைப் படித்துப் பாருங்கள். பல வாக்குச்சாவடிகள் கைப்பற்றப்பட்டாலோ, வாக்குச்சீட்டுகள் பறிக்கப்பட்டாலோ அழிக்கப்பட்டாலோ, வாக்கு எண்ணிக்கையை நிறுத்தும்படியும் முடிவை அறிவிக்காதிருக்கும்படியும் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு அவர் உத்தரவிடலாம். உடனே ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். அடுத்த முடிவு ஆணையத்தினுடையது. இலங்கையிலோ ‘தேர்தல் கண்காணிப்பாளர்’ என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவது பெரும்பாலும் குடிமக்கள் அமைப்புகளிலிருந்து வருபவர்களை. அவர்கள் பார்க்கலாம், குறிக்கலாம், அறிக்கை விடலாம். எதையும் நிறுத்த முடியாது. சொல் கனமாக இருக்கும் இடத்தில் அதிகாரம் இல்லை, அதிகாரம் இருக்கும் இடத்தில் சொல் லேசாக இருக்கிறது. ஓர் ஊர்ச் செய்தியை இன்னோர் ஊருக்காக எழுதுபவர் இதை அப்படியே நகலெடுத்தால் வாசகருக்குப் போய்ச் சேருவது தலைகீழான செய்தி.

இலங்கை வழக்கைப் பற்றி இன்னொன்று. அங்கே காவல் கண்காணிப்பாளர் ‘பொலிஸ் அத்தியட்சகர்’. அதி, அக்ஷம் என்ற வடசொற்களின் சேர்க்கை அது. மேலிருந்து பார்க்கும் கண் என்ற அதே படம்தான். தமிழ்நாட்டு வாசகருக்காக எழுதும்போது அதை மாற்றிவிடாதீர்கள். அங்கே அது சட்டப்படியான பதவிப் பெயர். முதல் இடத்தில் ஒரு சிறு விளக்கம் கொடுத்தால் போதும்.

கோயில் செய்திகளில் ‘தக்கார்’ படும் பாடு தனி. அறங்காவலர் குழு இல்லாத காலத்தில் அந்தப் பொறுப்பைப் பார்க்க 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படுபவர் தக்கார். செயல் அலுவலர் அறநிலையத் துறையின் ஊதியம் பெறுபவர். இருவரையும் ‘கோயில் நிர்வாகி’ என்று எழுதினால், நில குத்தகைக்கு ஒப்புதல் தந்தவர் யார் என்பதே தெரியாமல் போகிறது.

நாங்கள் வேலையில் பின்பற்றும் முறையைச் சொல்கிறோம். பதவிப் பெயரை மொழிபெயர்க்குமுன் நியமன ஆணையை எடுத்து மூன்றைத் தேடுவோம்: நியமித்தவர் யார், இவர் எதை நிறுத்தலாம் அல்லது மாற்றலாம், யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இவற்றில் இரண்டாவதுதான் சொல்லைத் தீர்மானிக்கும். நடக்கும் வேலையில் தலையிட்டுத் திருத்தச் சொல்லும் அதிகாரம் இருந்தால் மேற்பார்வை. பார்த்து அறிக்கை தருவதோடு முடிந்தால் கண்காணிப்பு. ஓர் இடமும் அதிலுள்ள ஆட்களும் நிலையாக ஒப்படைக்கப்பட்டிருந்தால் அது பொறுப்பு அலுவலர் பணி. அதற்கு நிலைபெற்ற பதவிப் பெயர் ஏற்கெனவே இருந்தால் அதையே முழுதாக எழுதுவோம். முல்லைப் பெரியாறு அணைக்கு 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன மூவர் குழுவைச் சில செய்திகள் கண்காணிப்புக் குழு என்றும் சில மேற்பார்வைக் குழு என்றும் எழுதின. அணைப் பாதுகாப்புக்குத் தேவையானால் இரு மாநிலங்களுக்கும் வழிகாட்டுதல் தரும் அதிகாரம் அந்தத் தீர்ப்பிலேயே குழுவுக்குத் தரப்பட்டது. எங்கள் அளவுகோலில் அது மேற்பார்வைக் குழு.

‘கண்காணிப்பில் இருக்கிறார்’ என்ற வரியைத் தனியாக விடாதீர்கள். நோயாளியும் சந்தேகத்துக்குரியவரும் ஒரே வரியில் நின்றுவிடுகிறார்கள். ‘மருத்துவர்களின் கவனிப்பில்’, ‘காவல்துறையின் கண்காணிப்பில்’ என்று யாருடைய கண் என்பதைச் சேருங்கள். நீதிமன்றம் நன்னடத்தையின் பேரில் விட்டவருக்கு நன்னடத்தை அலுவலர் என்ற சொல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எழுத்துப் பிழையையும் சொல்லியாக வேண்டும். ‘கண்கானிப்பாளர்’ என்று றன்னகரம் போட்ட பெயர்ப்பலகைகள் ஏராளம். காண் என்ற வினையில் இருப்பது டண்ணகரம். துணைக் கண்காணிப்பாளர், மேற்பார்வைப் பொறியாளர் என்பவற்றில் ஒற்று மிகும்.

அகராதிக் குழுவினரிடம் நாங்கள் கேட்பது இது: அடுத்த பதிப்பில் கண்காணிப்பாளர், மேற்பார்வையாளர், பார்வையாளர், தக்கார், அத்தியட்சகர் ஆகிய ஐந்து பதிவுகளிலும் ஆங்கில நிகரன் மட்டும் போடாமல், எந்தத் துறையில், எந்த நாட்டில், எந்த அதிகாரத்தோடு என்று ஒரு வரி சேருங்கள். துறைக்குத் துறை மாறும் பொறியாளர் பதவிப் பெயரை ஒன்றாக்குங்கள். அதுவரை இரண்டும் ஒரே படிநிலை என்ற குறிப்பாவது இருக்கட்டும். ஐந்து பதிவுகளுக்கும் எங்கள் கைப்பிரதி தயாராக இருக்கிறது. கேட்டால் உடனே அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஆவண மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்