சென்னையின் எஃப்சி கால்பந்து ரசிகர் மன்றம், வேலூர்
ஆண்டறிக்கை: ஜூன் 2023 முதல் மே 2024 வரை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சந்தா கட்டிய நண்பர்களே, இனிமேல் கட்டப்போகிற நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். புரொஜெக்டர் ரிப்பேர் போக, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. காட்பாடியில் ரயிலேறி நான்கு தடவை சென்னைக்குப் போய் ஆட்டம் பார்த்தோம். சத்துவாச்சாரி மாடி அறைக்கு இந்த வருடமும் வாடகை ஏறவில்லை, வீட்டுக்கார அம்மாவுக்கு நன்றி. செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் ஐந்து முறை ஒரே விஷயத்தைத்தான் பேசினோம். அதனால் இந்த அறிக்கையிலும் அதுதான் பெரும்பகுதி.

விஷயம், சுவரில் மாட்டியிருக்கிற படம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் சென்னையின் எஃப்சி 3-2 என்று ஜெயித்து இரண்டாவது தடவை இந்தியன் சூப்பர் லீக் கோப்பை தூக்கியதே, அந்த அணியின் படம். பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டியது நாம்தான். 2023 கோடையில் நம் அனிருத் தாபா கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்குப் போவது உறுதியான மறுநாள், கண்ணாடியில் அவர் முகத்துக்கு நேராக யாரோ ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியிருந்தார்கள். மெரூன் பொட்டு. மோகன் பகான் நிறம் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஒட்டியவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஒருவர்மேல் சந்தேகம் உண்டு, அறிக்கையில் எழுதுவதற்கில்லை.

தாபா டேராடூன் பையன். 2016இல் 18 வயதில் வந்தார், ஏழு சீசன் ஆடினார், கேப்டன் ஆனார். 2018 அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், கோவாவிலேயே போய் 1-1 என்று சமன் செய்த கோல் அவருடையது. அந்தக் கோலுக்குக் கத்தியதில் எனக்குக் குரல் போய், இரண்டு நாள் ஆபீஸில் சைகையிலேயே பேசினேன். அந்தப் படத்தில் இருக்கிற ஜேஜே, கரண்ஜித், மைல்சன், கால்டெரோன் எல்லாருமே போனவர்கள்தான். பொட்டு மட்டும் ஒருவருக்குத்தான்.

செப்டம்பர் 3ஆம் தேதி டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுவதற்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அறை நிறைந்துவிட்டது. 62ஆவது நிமிடத்தில் தாபாவுக்குச் சிவப்பு அட்டை. விசில் பறந்தது. விசில் அடங்கியதும், ஏண்டா அடித்தோம் என்கிற மாதிரி ஓர் அமைதி. "நம்ம பையன்பா அவன்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். பத்துப் பேரோடு ஆடியே மோகன் பகான் 1-0 என்று ஜெயித்தது. யாரும் எதுவும் பேசவில்லை, டீ குடிக்கப் போய்விட்டோம்.

அக்டோபர் 7, பெரியமேடு நேரு அரங்கில் மோகன் பகானுடன் நம் ஆட்டம். தாபாவைப் பார்த்துக் கேலியாகக் கூவுவதா வேண்டாமா என்று காட்பாடியில் ஆரம்பித்த சண்டை அரக்கோணம் தாண்டியும் ஓயவில்லை. ஏழு வருஷம் சோறு போட்ட வீட்டை மறந்தவன் என்றது ஒரு கட்சி. "நீ மட்டும் இன்னா, ரெண்டாயிரம் அதிகம் தரான்னு ராணிப்பேட்டைய விட்டு ஒரகடம் போவலையா?" என்றது இன்னொரு கட்சி. கேட்கப்பட்டவர் திருவள்ளூர் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. ஆட்டத்தில் 1-3 என்று தோற்றோம். கூவுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த தொண்டை நம் தற்காப்பைத் திட்டுவதற்கே சரியாகப் போனது.

இங்கே செயலாளர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சியாளர் ஓவன் கோய்ல் 2020இல் நம்மை விட்டு ஜாம்ஷெட்பூர் போனார். அந்த சீசனில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2021-22இல் கோய்ல் அவர்களுக்கு லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் லீக் ஷீல்டே வாங்கிக் கொடுத்தார். அன்று இதே அறையில் பேசிய பேச்சை எழுத்தில் கொண்டுவர முடியாது. அதே கோய்ல் 2023இல் திரும்பி வந்தபோது என்ன செய்தோம்? ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்துப் பங்கு போட்டோம், ரசீது இருக்கிறது. நம்மை விட்டுப் போயிருந்த ஆட்டக்காரர் கிரிவெல்லாரோவும் திரும்பி வந்தார், அவருக்கும் கைதட்டல்.

ஜேஜே ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது மட்டும் யாருக்கும் கோபம் வரவில்லை. முட்டிக் காயத்துக்கு அப்புறம் பழைய ஜேஜே வரமாட்டார் என்று நமக்குத் தெரியும், அதனால் தாராளமாக வாழ்த்திவிட்டோம். டிசம்பரில் அவர் மிசோரமில் தெற்கு துய்புய் தொகுதியில் நின்று, அமைச்சராக இருந்தவரையே 135 ஓட்டில் தோற்கடித்து எம்எல்ஏ ஆனார். வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு வந்த பட்டாசுப் படங்களை நம் அணியின் எந்த வெற்றிக்கும் நான் பார்த்ததில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே போகிறவன்மேல்தான் நமக்கு ஆத்திரம்.

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. கொல்கத்தாவில் நடந்த ஆட்டம். விருந்து முடித்து வந்தவர்கள் பாதி, கேரியரோடு வந்தவர்கள் பாதி. இர்ஃபான் யத்வாட் கடைசி நேரத்தில் அடித்த கோலில் 3-2 என்று மோகன் பகானை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தோம். உடைந்த நாற்காலி இரண்டு, கணக்கில் உள்ளது. அப்புறம் ஏப்ரல் 15 அன்று லீக் ஷீல்டை மோகன் பகான்தான் வாங்கியது. அன்றிரவு குழுவில் "வாழ்த்துகள் தாபா" என்று ஒரு செய்தி வந்தது. அதன்மேல் மூண்ட சண்டையில் இரண்டு நாள் குழுவைப் பூட்டி வைத்தேன். எழுதியவர் யார் என்றால், அக்டோபரில் கூவியே தீருவேன் என்று ரயிலில் நின்றவர். ஏப்ரல் 20 அன்று பிளே-ஆஃபில் கோவாவிடம் 1-2 என்று தோற்று நம் சீசனும் முடிந்தது.

இனி நம் பையன்கள் அணி. மே மாதம் கோட்டை மைதானத்தில் நடந்த செவன்ஸில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டியில், முதல் சுற்றிலேயே வெளியேறினோம். நம்மைத் தோற்கடித்த கோலை அடித்தது, ஜனவரி வரை நம்மிடம் இடது ஓரத்தில் ஆடிய பையன். இப்போது ராணிப்பேட்டை அணியில் ஆடுகிறான். கோல் விழுந்ததும் அவன் ஆடவில்லை, குதிக்கவில்லை. நம் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினான். கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து ஒருவர் "துரோகி" என்று கத்தினார். பையனுடைய அப்பா அவருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். நம் பையன்களுக்குப் பல ஞாயிற்றுக்கிழமை புளிசோறு கட்டி எடுத்து வந்தவர்.

அன்றைக்கு ராத்திரி வந்து ஃபைலைப் புரட்டினேன். போன ஆகஸ்டில் அந்தப் பையன் கைப்பட எழுதிய கடிதம் இருந்தது. பூட்ஸ் கிழிந்துவிட்டது, புதிது வேண்டும், முடிந்தால் பயிற்சிக்கு வர பஸ் காசும் வேண்டும் என்று கேட்டிருந்தான். அதன் ஓரத்தில் "அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கவும்" என்று எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையது. அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கூட்டம் முழுக்கப் பொட்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். ராணிப்பேட்டைக்காரர்கள் பூட்ஸும் கொடுத்தார்கள், பஸ் காசும் கொடுக்கிறார்கள்.

இன்றைய பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. படத்தில் இருக்கிற பொட்டு வெயிலில் பசை காய்ந்து பாதி உரிந்துவிட்டது. தாபாவின் ஒரு கண் இப்போதே தெரிகிறது. முழுசாக எடுப்பதா, புதிதாக ஒட்டுவதா என்று கைதூக்கிச் சொல்லுங்கள். ஆனால் அது இரண்டாவது தீர்மானம். முதலாவது, பையன்கள் அணிக்கு ஜூன் முடிவதற்குள் பூட்ஸ் வாங்குவது. பதினோரு ஜோடி வேண்டும், அளவுகளை எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்